பெயர்ப்பலகையில் இல்லாதவர்

நாலந்தாவில் பஸ் ஏறுகிறவர்களுள் வழக்குக்குப் போகிறவரை எளிதில் கண்டுகொள்ளலாம். மழை இல்லாத நாளிலும் அவர் மடியில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் மடிப்புகளில் கிழிந்து செலோடேப் ஒட்டிய காணி உறுதி. இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி ஏ9 வீதியில் தெற்கே மாத்தளை நீதிமன்றங்களுக்கோ, வடக்கே தம்புள்ளைக்கோ அவர் போய்க்கொண்டிருப்பார். கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவரிடம் தன் காகிதத்தை ஒப்படைக்கப் போகிறோம் என்று நம்பிப் போகிறார். அவர் போய்ச் சேர்வது பெரும்பாலும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரின் மேசைக்கு.

இந்தப் பக்கத்தில் காணிக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவு பழையது. நாலந்தா என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கெடிகே என்னும் கற்கோயில். தென்னிந்தியக் கோயிற்கலையின் சாயலில் எழுந்த பௌத்த வழிபாட்டு இடம் அது. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது நீரில் மூழ்கவிருந்த அந்தக் கட்டடத்தைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். கோயிலைப் பெயர்த்து வைக்கலாம், வயலை அப்படிப் பெயர்க்க முடியாது. காணியை அரசு எடுத்தால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க வேண்டும். அரச காணியில் குடியேறியவர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரத்தைப் பேரப்பிள்ளை காலம் வரை பாதுகாக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு சத்தியக் கடதாசி, ஒரு கையொப்பம். அதை எழுதித்தர ஒரு ஆள்.

என் சித்தப்பா அப்படித்தான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு ஐந்து வருடம் போய்வந்தார். எந்த ஊர், யாருடைய அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. பாதை வழக்கு ஒன்று. வீட்டில் அவர் எப்போதும் "லோயர் ஐயா சொன்னாரு" என்றே பேச்சைத் தொடங்குவார். ஒரு தவணைக்கு வரத் தேவையில்லை என்று லோயர் ஐயா சொன்னார், சித்தப்பா போகவில்லை. அந்தத் தவணையில் அவர் சார்பில் யாரும் எழுந்து நிற்கவில்லை. வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கப்பட்டது. நீதிமன்றத்துப் பிஸ்கல்காரர் தீர்ப்பாணையைக் கொண்டுவந்து கொடுத்த அன்றே அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். "பயப்படாதீங்க, அடுத்த மாசம் மோஷன் ஒண்ணு போடுவோம்" என்று அதே மனிதர் சொல்லி அனுப்பினார். இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 86ஆம் பிரிவில், அப்படிப்பட்ட தீர்ப்பாணையை நீக்கக் கோருவதற்குக் கொடுக்கும் காலம் 14 நாட்கள். அடுத்த மாதம் வந்தபோது அந்தக் கதவு மூடிவிட்டது.

அதன்பிறகே நான் அவருடன் போனேன். லோயர் ஐயா என்று அவர் காட்டிய மனிதர் சட்டத்தரணியின் கிளாக்கர். அவரை மோசக்காரர் என்று என்னால் சொல்ல முடியாது. தான் சட்டத்தரணி என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. சித்தப்பா கேட்கவும் இல்லை. அறையின் வெளியே சட்டத்தரணியின் பெயர் பித்தளையில் பொறித்திருந்தது. உள்ளே, அந்தப் பெயருக்கு நேர் கீழே, கண்ணாடி போட்ட மேசையில் கிளாக்கர் உட்கார்ந்திருந்தார். அவர் மேசையில் பெயர் இல்லை, பதவி இல்லை. வெளியே உள்ள பெயர் இவருடையதாக்கும் என்று வருகிறவர் தானாக நினைத்துக்கொள்ள அந்த அமைப்பே போதுமாக இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த மேசையைப் பற்றியது. சட்டத்தரணி அல்லாத ஊழியரை ஒரு சட்ட அலுவலகம் எப்படி உலகத்துக்குக் காட்ட வேண்டும்? இது பெயர்ப்பலகை, கடிதத்தலைப்பு, விசிட்டிங் கார்ட் சம்பந்தமான சின்ன விடயம் என்று தொழிலில் உள்ள பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யார் சொன்ன வார்த்தையை நம்பி 14 நாட்களை விடுகிறோம் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

முதலில் பெயர்கள். நம் மொழியில் சட்டத்தொழிலின் சொற்கள் அடுக்கடுக்காகப் படிந்தவை. யாழ்ப்பாணத்துப் பழைய பேச்சில் அப்புக்காத்து என்றால் மேல்தட்டு வழக்குரைஞர். பிறக்கிராசி என்றால் மனுப்போட்டு, வழக்கை நடத்தி, கட்சிக்காரரோடு நேரடியாகப் பழகுபவர். இரண்டும் ஐரோப்பியச் சொற்களின் வழி வந்தவை. சிங்களத்தில் அதே பிறக்கிராசிதான் பெரகதோருவா ஆனார். ஆங்கிலேயர் காலத்தில் இவர்கள் அட்வகேட், புறொக்டர் என்று சட்டப்படி இரண்டு வகுப்பாக இருந்தார்கள். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. 1974 ஜனவரி முதல் எல்லோரும் சட்டத்தரணிகள்.

ஆனால் பிறக்கிராசி என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னொரு நிழலும் வந்துகொண்டே இருந்தது. நீதிமன்ற வளவின் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதி, இந்த வழக்குக்கு இன்னார்தான் சரி என்று ஆள்பிடித்துக் கொடுத்து, இருபக்கமும் காசு வாங்கியவர்கள். ‘மரத்தடிப் பெரகதோருவா’ என்று சிங்களத்தில் அவர்களுக்கு ஒரு பெயரே உண்டு. பயிற்சி இல்லாத, பதிவு இல்லாத, ஆனால் மக்களின் கண்ணுக்கு வழக்கறிஞராகவே தெரிந்த மனிதர். இந்தியாவில் இந்தத் தொல்லை எவ்வளவு பழையது என்பதற்குச் சட்டப் புத்தகமே சாட்சி. 1879ஆம் ஆண்டின் சட்டத்தொழிலாளர் சட்டம் நீதிமன்றங்கள் தரகர்களின் பட்டியலைத் தயாரித்து வெளியிட அதிகாரம் கொடுத்தது. 2023இல் இந்திய நாடாளுமன்றம் அந்தப் பழைய சட்டத்தில் எஞ்சியிருந்த பிரிவுகளை நீக்கியபோது, தரகர் பட்டியலை மட்டும் கைவிடாமல் வழக்கறிஞர் சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தது. ஒன்றரை நூற்றாண்டாகத் தேவை தீரவில்லை.

கிளாக்கர் தரகர் அல்லர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறோம். நல்ல கிளாக்கர் ஒருவர் இல்லாமல் எந்தச் சட்டத்தரணியின் அலுவலகமும் ஒரு வாரம் ஓடாது. எந்த வழக்கு எந்தத் தவணையில், எந்தக் காணியின் பதிவேடு எந்தத் தொகுதியில், நில அளவையாளரின் படம் வந்ததா, முத்திரை போதுமா என்று எல்லாம் அவர் தலையில் இருக்கும். புதிதாகச் சத்தியப்பிரமாணம் செய்த இளம் சட்டத்தரணிக்கு மோஷன் எழுதக் கற்றுக்கொடுப்பவரும் சில வேளை அவர்தான். முப்பது வருடம் பதிவேடு புரட்டிய மனிதரின் அறிவு சாதாரணமானதல்ல. அவர் பெயரைக் கடிதத்தலைப்பில் போடவே கூடாது என்பது அவரை அவமதிப்பதாகும்.

அமெரிக்காவில் இந்த விவாதம் வெளிப்படையாகவே நடந்தது. அங்கே வழக்கறிஞர் சங்கத்தின் அறநெறிக் குழு பல பத்தாண்டுகளாக, வழக்கறிஞர் அல்லாத ஊழியரின் பெயர் அலுவலகக் கடிதத்தலைப்பில் வரக்கூடாது என்றே கருத்துச் சொல்லி வந்தது. 1977இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரிசோனா வழக்கொன்றில் வழக்கறிஞர் விளம்பரத்துக்கு இருந்த முழுத் தடையை உடைத்தது. அதன்பிறகு பழைய கருத்து நிற்கவில்லை. 1989இல் அந்தக் குழுவே நிலையை மாற்றி, பெயர் போடலாம், ஆனால் அவர் வழக்கறிஞர் அல்லர் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்றது. மறைப்பதிலிருந்து தெளிவாகச் சொல்வதற்கு அறம் இடம்பெயர்ந்தது. இன்று அங்குள்ள மாதிரி விதிகளில் 5.3ஆம் விதி, ஊழியரின் நடத்தை தன் தொழிற்கடமைக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பொறுப்பை வழக்கறிஞர் மேலேயே வைக்கிறது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி போய், சட்ட உதவியாளர் தன் கார்டில் தான் வேலை செய்யும் சட்ட அலுவலகத்தின் பெயரையோ, உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் வேலை செய்கிறார் என்பதையோ போட வேண்டும் என்று சட்டமாகவே எழுதிவைத்தது. இங்கிலாந்தில் வேறு வழி. அங்கே முகாமைக் கிளாக்கர்கள் 1892இலேயே தங்களுக்குச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1963இல் அது தேர்வும் தகுதியும் உள்ள தனித் தொழிலானது. 1974ஆம் ஆண்டின் சொலிசிட்டர் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, தவறு செய்த ஊழியரை அனுமதியின்றி எந்தச் சட்ட அலுவலகமும் வேலைக்கு வைத்துக்கொள்ளாதபடி தடுக்கவும் முடியும்.

இலங்கையில் என்ன இருக்கிறது? 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம், சட்டத்தரணியாகச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. வஞ்சகமோ தொழில் முறைகேடோ செய்த சட்டத்தரணியை அந்நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் சேர்ந்திருந்து இடைநிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். 42ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அரசியலமைப்பின் 136ஆம் உறுப்புரையின் கீழ் 1988இல் வந்த நடத்தை, ஒழுக்க விதிகள் இருக்கின்றன. 60ஆம், 61ஆம் விதிகள் தொழிலுக்கு இழுக்கான, நம்பிக்கைக்குத் தகுதியற்ற நடத்தையைப் பரந்த சொற்களில் தடுக்கின்றன. நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க 1993இல் சட்டத்தரணிகளின் தொழிலறம் பற்றி ஒரு பெரும் நூலே எழுதினார். ஆக, சட்டத்தரணிக்கு ஒரு நீதிமன்றமே காவல் நிற்கிறது.

கிளாக்கருக்கு அப்படி யாரும் இல்லை. அவர் தந்த தவறான அறிவுரைக்காக மூன்று நீதியரசர்கள் கூட மாட்டார்கள். அவர் கறுப்புக் கோட்டு அணியாததால் கழற்றவும் எதுவும் இல்லை. சித்தப்பாவின் கதை சட்டத்தரணிகள் சங்கத்துக்குப் போயிருந்தால், கேள்வி சட்டத்தரணியின் கவனக்குறைவு பற்றியதாக இருந்திருக்கும். கிளாக்கரின் வார்த்தை எந்த ஆவணத்திலும் இல்லை. அதனால்தான் அவரை யாராகக் காட்டுகிறோம் என்பதில் முழுப் பொறுப்பும் அலுவலகத்தின் தலைவர்மீது விழுகிறது. பொறுப்பில்லாத ஒரு வாயைத் தன் பெயர்ப்பலகையின் கீழ் உட்கார வைத்தால், அந்த வாய் சொல்வது தன் சொல்லாகவே கேட்கும் என்பதை அவர் அறிவார்.

மாத்தளைப் பக்கத்தில் இது ஏன் இன்னும் கூர்மையாகிறது என்பதற்கு மொழி ஒரு காரணம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, தமிழ் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளில் நீதிமன்ற மொழி தமிழ். மற்ற இடங்களில் சிங்களம். மாத்தளையில் வழக்கேடு சிங்களத்தில் நடக்கிறது. மொழி புரியாத கட்சிக்காரருக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை அதே உறுப்புரையில் உண்டு. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவரை இன்றும் முதலியார் என்றே அழைக்கிறார்கள். ஆனால் முதலியார் நீதிமன்றத்துக்குள் மட்டுமே. அலுவலகத்தில், சிங்களத்தில் பேசும் சட்டத்தரணிக்கும் எல்கடுவயிலிருந்தோ ரத்தோட்டையிலிருந்தோ வந்த தமிழ்ப் பெண்ணுக்கும் நடுவில் நிற்பவர் தமிழ் தெரிந்த கிளாக்கர். அவர் சொல்வதில் எது சட்டத்தரணி சொன்னது, எது அவருடைய சொந்தக் கருத்து என்று பிரித்தறிய அவளுக்கு வழியே இல்லை. 'ஐயா என்ன சொன்னாரு' என்று கேட்பாள். வரும் பதில் ஐயாவின் பேச்சைவிட மூன்று மடங்கு நீளமாக இருக்கும்.

இரண்டாவது காரணம் வரலாறு. நாலந்தா வழியாகச் செல்லும் இந்த வடபாதைதான் 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழரின் நடைபாதை. மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளுக்குள் நடந்து, தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் வாந்திபேதியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடி நடந்தார்கள். அந்த முதல் நடையிலேயே அவர்களுக்காகப் பேச வேறொருவர் இருந்தார்: கங்காணி. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, அதன்பின் தோட்டக் கந்தோரில் பெரிய கிளாக்கர். பெயர் பதிவதும் சம்பளம் எழுதுவதும் பிறப்புக்குச் சாட்சி சொல்வதும் கிளாக்கரய்யாவின் பேனாதான். தோட்டத்துரையை நேரில் பார்த்துப் பேசுவது எளிதல்ல, கிளாக்கரய்யா வழியாகத்தான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. வசிப்பிடத்துக்குச் சான்று, பெயரில் எழுத்துப் பிழை, தேதியில் ஒரு நாள் வித்தியாசம். எழுதித்தந்தவரின் பேனா பிசகினால் ஒரு குடும்பத்தின் தலைவிதி மாறியது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சட்ட அலுவலகத்துக்கு வருகிறார்கள். கிளாக்கர் என்ற சொல் அவர்கள் காதில் சிற்றூழியனின் பெயராக விழாது. அது அதிகாரத்தின் பெயர். வேறு ஊரில் 'நான் கிளாக்கர்தான்' என்று சொன்னால் ஒருவர் தன் நிலையைத் தாழ்த்திச் சொல்வதாகும். இங்கே அந்தச் சொல் மட்டும் போதாது. 'சட்டத்தரணி அல்லர்' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளுக்கு நேர்ந்ததும் இதே வகைதான். லத்தீன் அமெரிக்காவில் நொத்தாரியோ என்றால் உயர்ந்த தகுதியுள்ள சட்ட வல்லுநர். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையொப்பத்தைச் சான்றுபடுத்தும் சாதாரண ஆள். பலகையில் ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் குடிவரவு விண்ணப்பங்களை எழுதிக் காசு வாங்கினார்கள், வழக்குகளைக் கெடுத்தார்கள். டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் அந்த மொழிபெயர்ப்பையே தடைசெய்தன. ஒரு சொல் ஒரு மொழியில் உண்மையாகவும் இன்னொரு மொழியில் பொய்யாகவும் இருக்கலாம் என்பதை அந்தச் சட்டங்கள் ஏற்றுக்கொள்கின்றன. நம்மிடமும் அப்படிப்பட்ட சொற்கள் உண்டு.

சமாதான நீதவான் என்பது அவற்றில் முதலாவது. நீதி அமைச்சரால் நியமிக்கப்படுபவர். சத்தியக் கடதாசியில் கையொப்பம் வாங்குவதும் பிரதிகளை உறுதிப்படுத்துவதும் அவர் வேலை. மதிப்புள்ள சமூகப் பணி அது. ஆனால் தமிழில் அந்தப் பதவிப் பெயருக்குள் நீதவான் இருக்கிறார். குற்ற வழக்கை விசாரிக்கும் நீதவான் நீதிமன்றத்தின் நீதவானும் அதே சொல். சட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் சமாதான நீதவானாகவும் இருந்து, அவர் கார்டில் பெயருக்குப் பின்னால் அதையும் சட்டத்தரணியின் அலுவலக முகவரியையும் ஒன்றாக அச்சிட்டால், தோட்டத்திலிருந்து வருபவர் என்ன நினைப்பார்? ஒரே கார்டில் நீதவானும் சட்டமும். கார்டில் ஒரு பொய்யும் இல்லை, வாசிக்கிறவர் மனதில் ஒரு பொய் உருவாகிவிடுகிறது.

சட்டமானி இன்னொன்று. சட்டப் பட்டம் பெற்றவர் சட்டமானி. சட்டக் கல்லூரியின் இறுதித் தேர்வில் தேறி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தவர்தான் சட்டத்தரணி. நடுவில் வருடங்கள் கழியலாம். பட்டத்தைப் போடுவதில் தவறில்லை. ஆனால் சட்ட அலுவலகத்தின் சுவரில் சட்டத்தரணியின் பெயருக்குக் கீழே சட்டமானி என்று இன்னொரு பெயர் வந்தால், இரண்டு சொல்லையும் பிரித்தறியக்கூடியவர் அந்த வரிசையில் எத்தனை பேர்? 'சட்ட ஆலோசகர்' என்பது இவற்றைவிட வசதியானது. அது எதைக் குறிக்கிறது என்று சொல்பவருக்கே தெரியாது.

காணி உறுதி எழுதும் இடத்தில் இந்த மங்கல் மிகவும் ஆபத்தானதாகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, நிலைச் சொத்தைக் கைமாற்றும் ஆவணம் நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும், எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க, கையொப்பமிடப்பட வேண்டும் என்கிறது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், கையொப்பமிடுபவரை நொத்தாரிசுக்கோ சாட்சிகள் இருவருக்குமோ தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. உறுதியை வாசித்து விளக்குவதும் நொத்தாரிசின் கடமை. நடைமுறையில் பல அலுவலகங்களில் அந்த இரண்டு சாட்சிகளும் கிளாக்கர்களே. நாலந்தாவிலிருந்து முதல்முறை வந்த பாட்டியை அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவள் தேசிய அடையாள அட்டையைப் பத்து நிமிடத்துக்கு முன்புதான் பார்த்திருப்பார்கள். வாசித்து விளக்குவதையும் கிளாக்கரே செய்து முடித்துவிட்டு, கடைசியில் 'இங்க கையெழுத்து, இங்க' என்று விரலால் காட்டுவார். பாட்டியின் பார்வையில் அந்த உறுதியை எழுதி, விளக்கி, முடித்துத் தந்த நொத்தாரிசு அவர்தான். அவரோ காகிதத்தில் சாட்சி. ஒரே மனிதர் ஒரே அறையில் இரண்டு ஆளாகிறார்.

வழக்கறிஞர் அல்லாதவர் மக்களுக்காகப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டமே பல இடங்களில் அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. தொழில் நியாய சபையில் தொழிலாளிக்காகத் தொழிற்சங்க உத்தியோகத்தர் ஆஜராகலாம். மலையகத்தில் எத்தனையோ தொழிலாளர்களின் வேலையை அப்படித்தான் மீட்டார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள மத்தியஸ்த சபையிலோ சட்டத்தரணிக்கே இடமில்லை. சங்கத்துக்காரரை மக்கள் 'மாவட்டப் பிரதிநிதி' என்றோ 'தலைவர்' என்றோ கூப்பிடுகிறார்கள். அவர் யார், எதற்காக வந்திருக்கிறார், எதற்குப் பொறுப்பு என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. அவர் பிழை விட்டால் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், சந்தாவை நிறுத்தலாம். சட்ட அலுவலகத்தின் கிளாக்கருக்கும் அப்படி ஒரு நேர்மையான பெயர் கிடைக்க வேண்டும்.

இன்று காட்டுதல் பலகையோடு நின்றுவிடவும் இல்லை. விளம்பரத்தையும் ஆள்பிடித்தலையும் இத்தொழிலின் மரபு நெடுங்காலமாக மறுத்து வந்திருக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி பலகையின் அளவைக்கூடக் கட்டுப்படுத்தியது; 2008இல்தான் குறிப்பிட்ட சில விவரங்களோடு இணையதளம் வைத்துக்கொள்ள அனுமதித்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர்களைப் பொருள் விற்பதுபோல வரிசைப்படுத்தும் இணையத் தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆனால் அலுவலகத் திறப்பு விழாவின் புகைப்படத்தை முகநூலில் போடும்போது எல்லோரும் வெள்ளையும் கறுப்புமாக ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யார் யாரென்று ஒரு வரியும் இல்லை. வட்ஸ்அப்பில் வழக்குத் தவணையை அனுப்பும் இலக்கம் கிளாக்கருடையது, முகப்புப் படம் சட்டத்தரணியுடையது. தொலைபேசியை எடுத்தவுடன் 'லோயர் ஒபீஸ், சொல்லுங்க' என்பார்கள். சொல்லத் தொடங்கிவிடுகிறோம். பெயர்ப்பலகையை அளந்த விதிகள் இவற்றை இன்னும் அளக்கத் தொடங்கவில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு மேசையிலும் பெயரும் பதவியும் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கட்டும். கிளாக்கரின் கார்டில் அவர் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அவர் யாரிடம் வேலை செய்கிறார் என்பதும் அவர் சட்டத்தரணி அல்லர் என்பதும் இருக்கட்டும். காசு வாங்கினால் தரும் பற்றுச்சீட்டில் சட்டத்தரணியின் பெயரும் முத்திரையும் இருக்கட்டும். 'தவணைக்கு வர வேண்டாம்' என்ற வார்த்தை சட்டத்தரணியிடமிருந்து எழுத்தில் வரட்டும், குறுஞ்செய்தியாகவாவது. சமாதான நீதவான் என்ற பதவியை அலுவலக முகவரியோடு சேர்த்து அச்சிடுவதை நிறுத்தட்டும். கிளாக்கரின் பெயரை மறைக்க வேண்டாம். முப்பது வருட அனுபவத்தைப் பெருமையோடு போடட்டும். இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்யலாம். அதோடு நில்லாமல், கிளாக்கர்களுக்குப் பயிற்சியும் பதிவும் முறைப்பாட்டுக்கு ஒரு வாசலும் வேண்டும். இங்கிலாந்தின் கிளாக்கர்கள் அதை அவமானமாக நினைக்கவில்லை, தாங்களே கேட்டு வாங்கினார்கள்.

இதற்கு எதிராக ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. சிறு ஊர் அலுவலகத்தில் இத்தனை சட்டதிட்டம் கட்டினால் ஏழைக்கு ஆகும் செலவு கூடும், கிளாக்கரிடம் சும்மா கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் அடைபடும் என்கிறார்கள். நான் இதை எளிதாகத் தள்ளவில்லை. சட்டத்தரணியின் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுக்க முடியாதவர்களே பெரும்பாலானோர். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சட்ட உதவி ஆணைக்குழு எல்லோரையும் தாங்க முடியாது. ஆனால் மேசையில் ஒரு பெயர் வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்? கிளாக்கர் தொடர்ந்து பேசட்டும். அவர் பேசுவது எந்த இடத்தில் முடிகிறது, சட்டத்தரணி பேசுவது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது மட்டும் கேட்கிறவருக்குத் தெரிந்தால் போதும். அன்று அது தெரிந்திருந்தால் சித்தப்பா கிளாக்கரின் பதிலோடு திரும்பியிருக்க மாட்டார். உள்ளறைக் கதவைத் தட்டியிருப்பார்.

சித்தப்பாவுடன் போன அன்று மாலை திரும்பி வரும்போது, நாலந்தாச் சந்தியில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவருக்கு இதையெல்லாம் சொன்னேன். அந்த மனிதர் சட்டத்தரணி இல்லை, அவருக்கு அந்த யோசனை சொல்ல அதிகாரமே இல்லை என்றேன். சித்தப்பா பொலித்தீன் பையை மடியில் சரிசெய்துகொண்டார். "தெரியாம இருந்துட்டேன் தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த ஒபீஸ்ல நாம சொன்னதக் கடைசிவரைக்கும் கேட்டது அவரு ஒருத்தர்தான்" என்றார். அந்த அலுவலகத்துக்கு அடுத்த முறை போனபோதும் அவரை லோயர் ஐயா என்றுதான் கூப்பிட்டார். கிளாக்கர் இந்த முறையும் ஒன்றும் சொல்லவில்லை.